மாமா என்றால் மகாராணி

கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரிக்கு மணிப்பூர். தாம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் ஊரில் கேபிளில் கொரிய சேனல் வருமாம், வீட்டில் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்களாம். கடைசி செமஸ்டர் முடிந்து கிளம்பும்போது ஒரு செருப்புப் பெட்டி நிறைய டிவிடிகளை என் கையில் கொடுத்தாள்.

"பாரு. ஆனா பார்த்துட்டு என்னைத் திட்டக் கூடாது" என்றாள்.

மொத்தம் பதினெட்டு தட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எண் போட்டிருந்தாள். எல்லாம் ஒரே கதைதான். கொரிய அரண்மனையில் துணிக்குச் சாயம் தோய்க்கிற ஒரு பெண். அவளை விரும்பும் காவல் படைத் தலைவன். அவளைப் பிடிக்காத நாலைந்து பேர். அவ்வளவுதான். இரும்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சனிக்கிழமை காலை முதல் தட்டைப் போட்டேன். ஞாயிறு மாலை நாலாவது தட்டில் இருந்தேன். இடையில் சாப்பிட்டது ஞாபகமில்லை.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதல் நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். இரண்டாம் நாள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடி போட்டாலும் கீழே ஓடும் ஆங்கில எழுத்து அவளுக்கு எட்டாது, நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். அது கொஞ்ச நாளைக்குத்தான். ஒரு காட்சியில் குழந்தை ஒன்று "ஒம்மா, ஒம்மா" என்று அழுதுகொண்டே ஓடியது.

"அம்மாவைத்தானே கூப்பிடுது?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப நீ சும்மா இரு. எனக்கே புரியும்."

அதற்குப் பிறகு அவளாகவே கதை சொல்லிக்கொண்டு பார்த்தாள். பாதி தப்பு. ஆனால் யார் யாரைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் எனக்கு இரண்டு பாகம் முன்னாடியே கண்டுபிடித்துவிடுவாள். முப்பது வருஷம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவள் அல்லவா.

பதினெட்டாவது தட்டு பாதியில் நின்றுவிட்டது. சாயக்காரப் பெண்மேல் பொய்க் குற்றம் சுமத்தித் தீவுக்கு நாடு கடத்துகிறார்கள், அவளைப் படகில் ஏற்றுகிறார்கள். படைத் தலைவன் துறைமுகத்தை நோக்கிக் குதிரையை விரட்டுகிறான். அந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, குதிரை அந்தரத்தில் நின்றது. துடைத்துப் போட்டோம். பல் பொடி தடவிப் பார்த்தோம். நாலு பேர் வீட்டு ப்ளேயரில் போட்டுப் பார்த்தோம். குதிரை நகரவில்லை. தோழி ஊருக்குப் போனதும் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டிருந்தாள்.

முடிவு தெரியாததாலோ என்னவோ எனக்குப் பைத்தியம் கூடிப்போனது. கிண்டியில் வேலை கிடைத்ததும், மின்ரயிலில் போகவர ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, தொடரில் கேட்ட கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ரோஜா நிறத்தில் பளபளப்புத் துணி வாங்கி, அரண்மனைப் பெண்கள் உடுத்துவதுபோல் மார்புவரை ஏறும் பாவாடையும் குட்டைச் சட்டையும் தைக்கச் சொன்னேன். "இது நைட்டியா பாவாடையா, ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்று தையல்காரர் மூன்று முறை கேட்டார். ஒருவழியாகத் தைத்து வந்ததை உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாவாடையை நெஞ்சுவரைக்கும் ஏத்திக் கட்டிகிட்டு எங்கே, ஆத்துக்குக் குளிக்கப் போறியா?" என்றாள்.

அதை மடித்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். நோட்டு மட்டும் தொடர்ந்தது. அம்மா வெளியில் என் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டாள். "என் பொண்ணு கொரியா பாஷையெல்லாம் பேசுவா" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். அவளோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தியின் கணவர் பெருங்களத்தூரில் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போன் செய்தார்.

"உனக்குக் கொரியா பாஷை தெரியுமாமே. ஒரு நடை வந்துட்டுப் போம்மா. ரொம்பப் பேஜாரா இருக்கு."

விஷயம் இதுதான். அவர்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்கு ஒரு கொரியக் குடும்பம் வந்திருந்தது. கணவர் மறைமலை நகர்ப் பக்கம் கார் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அதிகாரி. காலையில் போனால் ராத்திரிதான் வருவார். மனைவி மட்டும் வீட்டில். அவரிடம் யார் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே "ஓகே ஓகே" என்பார். ஆனால் எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. மறுநாள் கீழ்த்தொட்டியைக் கழுவப் போகிறார்கள், இரண்டு நாள் தண்ணீர் வராது. போன முறை சொன்னது புரியாமல் அந்த அம்மாள் தலையில் ஷாம்பூ நுரையோடு வாசலுக்கு வந்து நின்றாராம். இந்த முறை முறையாகச் சொல்லிவிட வேண்டும் என்று செயலாளர் மாமா முடிவு செய்திருந்தார்.

பஸ்ஸில் போகும்போதே நோட்டைப் புரட்டி வாக்கியத்தைத் தயார் செய்தேன். தண்ணீருக்கு முல். நாளைக்கு நெயில். இல்லை என்பதற்கு அரண்மனையில் எல்லோரும் சொல்வது ஒப்ஸாஓம்னிதா. மரியாதையான பெண்களை மாமா என்று அழைப்பார்கள். மன்னிக்கச் சொல்லிக் கேட்க, ஜுக்யோ ஜுஷியொப்ஸொஸோ. எல்லாம் கச்சிதமாக இருந்தது.

கதவு திறந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும், குட்டை முடி, டீ சட்டை. நான் தொடரில் பார்த்தபடி இரண்டு கையையும் நெற்றிக்கு நேரே சேர்த்து, இடுப்புவரை குனிந்தேன். குனிந்தபடியே, "மாமா, நெயில் முலி ஒப்ஸாஓம்னிதா" என்றேன்.

"என்னம்மா?" என்றார் பின்னால் நின்ற செயலாளர்.

"உங்களை இல்லை மாமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தண்ணீர் இல்லாததற்கு வருத்தமும் தெரிவிக்க வேண்டுமே என்று, "மாமா, ஜுக்யோ ஜுஷியொப்ஸொஸோ" என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அப்படியே கதவைச் சாத்திவிட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "என்னம்மா சொன்னே நீ?" என்று செயலாளர் கிசுகிசுத்தார். உள்ளேயிருந்து ஏதோ சத்தம் வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு அது சிரிப்பென்று தெரிந்தது. விட்டு விட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும்.

கதவு மறுபடி திறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, தாடையை உயர்த்தி, தொடரில் வரும் அரசியின் அதே குரலில் அந்த அம்மாள், "இரோனகொரா" என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். நிமிர்ந்தேன்.

"என்ன சொல்றாங்க?" என்றார் செயலாளர்.

"எழுந்திருன்னு சொல்றாங்க மாமா."

"நீ உட்காரவே இல்லையே."

நான் சொன்னது என்ன என்று பிறகு அந்த அம்மாளே உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினார். 'மகாராணியாரே, நாளை நீர் இல்லை. அடியவளைக் கொன்றருள வேண்டும்.' ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய அரண்மனைப் பேச்சு. மாமா என்றால் மகாராணி. இப்போது யாராவது வீட்டு வாசலில் வந்து அப்படிப் பேசினால் நாடகக்காரர்கள் என்றுதான் நினைப்பார்களாம். ஆனால் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அவர் வீட்டில் இருந்த அத்தனை வாளியும் குடமும் நிரம்பியதாகச் செயலாளர் போன் செய்து சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாள் என்னைக் காபிக்கு வரச் சொல்லியிருந்தார். நான் மகாராணியை விட்டுவிட்டு அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். என் கொரியத்தை அவர் திருத்தினார். அவருடைய தமிழைத் திருத்தும் தகுதி எனக்கு இல்லை என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. சங்கத்து அறிவிப்புத் தமிழ்தான் அவருக்குப் புரியவில்லை; அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் காய்கறி வண்டிக்காரரும் ஆட்டோக்காரர்களும். தொழில் சுத்தமாகக் கற்றிருந்தார்.

ஒரு முறை அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அழகாகத் தலை குனிந்து, "இன்னாம்மா, நல்லா கீறியா?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "யார்கிட்ட கத்துக்கிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு அவரைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக் குரலில், "நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள். அக்கா அதைத் திருப்பிச் சொன்னார். அம்மா மூன்று முறை சொல்ல வைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். "அந்தக் குதிரைக்காரன் போய்ச் சேர்ந்தானா இல்லையா, கேளு."

அக்காவுக்குத் தொடரைத் தெரிந்திருந்தது. கல்யாணமான புதிதில் மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தாராம். எந்த இடத்தில் எங்கள் தட்டு நின்றதென்று சொன்னேன். அம்மா நாற்காலியை இழுத்து அவருக்கு மிக அருகில் போட்டுக்கொண்டாள். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

முடிவு முழுவதையும் நடித்துக் காட்டினார். தமிழும் ஆங்கிலமும் பத்தாத இடத்தில் கையும் காலும் பேசின. சோபாதான் படகு. துணி காயப்போடும் கம்புதான் குதிரை. படைத் தலைவன் வரும்போது படகு போய்விட்டது. ஆனால் அவன் நிற்கவில்லை, குதிரையைக் கடலுக்குள் இறக்கிவிட்டான். கழுத்தளவு தண்ணீர். அவள் பார்த்துவிட்டாள், படகிலிருந்து குதித்தாள். பிறகு தூரத்துக் கடற்கரை ஒன்றில் இருவரும் சின்னதாய்ச் சாயக்கடை வைத்து, மூன்று குழந்தைகளோடு நல்லபடியாக வாழ்ந்தார்கள்.

"மூணா?" என்றாள் அம்மா.

"மூணு. ரெண்டு பொண்ணு."

அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். மூன்று வருஷப் பெருமூச்சு. எழுந்துபோய் அக்காவுக்கு இன்னொரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவின் கணவருக்கு மாற்றலாகி அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மீனம்பாக்கத்துக்கு நானும் அம்மாவும் போய் வழியனுப்பினோம். அதற்குள் அக்காவின் தமிழ் அம்மாவின் கைபட்டுப் பாடப் புத்தகம் மாதிரி ஆகியிருந்தது. என் கொரியமும் ஒருவழியாக இந்த நூற்றாண்டுக்கு வந்திருந்தது.

வீட்டில் பிராட்பேண்ட் வந்த பிறகு ஒரு நாள் அந்தத் தொடரை இணையத்தில் கண்டுபிடித்தேன். அம்மா பள்ளிக்குப் போயிருந்தாள். கடைசிப் பாகத்தைப் போட்டேன். குதிரை நகர்ந்தது. துறைமுகத்துக்கு வந்தது. மதில்மேல் காத்திருந்தவர்கள் அம்பு விட்டார்கள். அவன் மணலில் விழுந்தான். படகு போய்க்கொண்டே இருந்தது, அவள் அதில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான் முடிவு. கடலுக்குள் குதிரை இல்லை. சாயக்கடை இல்லை. குழந்தைகளும் இல்லை.

அக்காவுக்கு மின்னஞ்சல் எழுதினேன், கொரிய மொழியிலேயே. ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. அதைப் பார்த்தபோது அவரும் மாமியாரும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். 'உன் அம்மா நாற்காலியை அவ்வளவு பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எப்படி அம்பைச் சொல்வது? குழந்தை மூன்று என்றது மட்டும் கொஞ்சம் அதிகமோ என்று அப்புறம் தோன்றியது' என்று எழுதியிருந்தார்.

அன்று மாலை அம்மா வந்ததும் புதுத் தொடர் ஒன்று கிடைத்திருப்பதாகச் சொன்னேன். கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதன் கடைசிப் பாகத்தை நான் முதலிலேயே பார்த்து வைத்திருந்தேன். கல்யாணத்தில்தான் முடிகிறது.