கீரை தின்ற வெள்ளை முயல்

ஸ்காபரோவில் எங்களுக்கு வாய்த்தது ஒரு பேஸ்மென்ற். மேலே வீட்டுக்கார அன்ரி. அயர்லாந்துக் கிராமமொன்றில் பிறந்தவ. கீழே அம்மாவும் நானும். அப்பாவைக் கொழும்பில் யாரோ பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வருவார் என்றுதான் அம்மா சொல்லுவா. அதற்கு மேல் கேட்டால் முறைப்புத்தான் கிடைக்கும்.

தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பார்கள். அம்மாவும் தன் தகப்பனுக்காகப் பிடிப்பா. காகத்துக்குப் படைக்காமல் வாயில் பச்சைத்தண்ணியும் படாது. அந்த வருடம் பின்வளவில் கடதாசித் தட்டில் சோறு, பூசணிக்காய், கீரை எல்லாம் வைத்துவிட்டு, கா கா என்று கத்திக் களைத்துப்போனோம். கனடாக் காகங்களுக்குத் தமிழ் விளங்கவில்லைப்போல.

வந்தது ஒரு முயல். முழு வெள்ளை. வெயிலில் அதன் ஓரமெல்லாம் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது. பிறகு மெதுவாகத் தட்டடிக்கு வந்து, சோற்றைத் தொடாமல் கீரையை மட்டும் தின்னத் தொடங்கியது.

நான் கலைக்க ஓடினேன். படியில் நின்ற அன்ரி பதறிப்போய்த் தடுத்தா. தன் ஊரில் வெள்ளை முயலை ஒருவரும் கலைக்கமாட்டார்களாம். செத்துப்போனவர்கள் அப்படித்தான் வீட்டைப் பார்க்க வருவார்களாம். கடலில் போன தன் தமையனும் முயலாய் வந்து வாசலில் இருந்தவராம்.

அம்மாவுக்கு இங்கிலீசு ஓடாது. வழமைபோல நான்தான் மொழிபெயர்த்தேன். என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் விட்டேன்.

"அம்மா, உது எங்கடை அப்பாதான். அவருக்குக் கீரையெண்டால் உயிர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அம்மா அப்படியே புல்லில் குந்தியிருந்து முயலையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பிப் போய், சட்டியில் மிச்சமிருந்த கீரை முழுவதையும் கொண்டுவந்து அதன் முன்னால் கொட்டினா. எனக்கென்றால் கால் நிலத்தில் நிற்கவில்லை. விசா இல்லாமல், பிளேன் இல்லாமல், அப்பா எப்படியோ வந்து சேர்ந்துவிட்டாரே!

இப்போது யோசித்தால், அது பக்கத்துத் தெருவில் யாரோ கூட்டைச் சரியாகப் பூட்டாததால் தப்பி வந்த முயலாகத்தான் இருக்கவேண்டும். அன்றைக்கு அப்படிச் சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

முயல் வேலிக்குக் கீழால் நுழைந்து போனபிறகு அம்மா என் தலையைத் தடவினா.

"வாற ஆடி அமாவாசைக்கு நீயும் விரதம் பிடி, பிள்ளை."

என்னையும் பெரிய ஆட்களோடு சேர்த்துவிட்டா என்று எனக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வேலையாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன், அடுத்த வருடம் எனக்கும் விரதம் என்று.