நாலுக்கும் நாலரைக்கும் நடுவில்

என் நாத்தனாருக்கு என் கணவர் வைத்த பெயர் ‘ஒத்தையாள் கோஷ்டி’. ஆர்மோனியம், வயலின், மாண்டலின், கித்தார், இரண்டு வகை மேளம், எல்லாவற்றையும் அவளே வாசிப்பாள். ஒன்றைப் பதிவு செய்து, அதைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்ததை வாசித்து மேலே சேர்ப்பாள். ஆறேழு அடுக்கு சேர்ந்தால் ஒரு பாட்டு. அதில் பாடுகிற குரல் கிடையாது. இணையத்தில் போடுவாள், முப்பது நாற்பது பேர் கேட்பார்கள். ஊதுகிற வாத்தியம் மட்டும் அவளுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு.

காலையில் கண் மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலை. மதியம் இரண்டு மணிக்கு வந்ததும் மெத்தையைத் தூக்கிக் கதவில் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிக்க உட்காருவாள். அந்த இரண்டு மணி நேரமும் நான் தையல் மிஷினைத் தொட மாட்டேன். பட்டன் துளையைச் சுற்றி நூலால் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது என்று சத்தமில்லாத வேலைகளை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருப்பேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணமாகி வந்த புதிதில் நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வார்த்தையே வராது. அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டு, “எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க அண்ணி” என்று கேட்டவள் அவள். அதற்கு முன்னால் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன். சொன்ன இடத்தை அவள் மறுபடி வாசித்தாள். ஆறு வருடத்தில் நாற்பத்தொரு பாட்டு. எல்லாவற்றையும் முதலில் கேட்டது நான்தான். அந்த நன்றிக்காகவே இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு நாடகக் குழுக்காரர் அவளைத் தேடி வந்தார். அவருடைய புது நாடகத்துக்கு அவள் பாட்டுகள் ஏழு வேண்டுமாம். கதையில் ஒருவன் மேடையிலேயே குழல் ஊதவேண்டும். பின்னால் அவள் பதிவு ஓடும். சந்தோஷத்தில் அவளுக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நாடகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒத்திகை பார்க்க அந்த வேடம் போடும் குழல்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாலு கட்டைச் சுருதிக் குழலை எடுத்து ஊதினார், பதிவோடு சேரவில்லை. அதைவிட ஒரு படி மேலே உள்ள நாலரைக் கட்டைக் குழலை எடுத்தார், அதுவும் சேரவில்லை.

“உங்க பாட்டு நாலுலயும் இல்ல, நாலரைலயும் இல்லம்மா. ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல எறங்கி நிக்குது.”

கோளாறு ஆர்மோனியத்தில் இருந்தது. மாமனார் எப்போதோ பழைய சாமான் கடையில் வாங்கிய பெட்டி. அதன் சுருதி மொத்தமாகக் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது. அவளோ மற்ற வாத்தியங்களை எல்லாம் அதை வைத்தே சேர்த்திருந்தாள். நல்ல காது இருக்கும்போது அளந்து காட்ட ஒரு கருவி எதற்கு என்று ஒரு ரோஷம். எல்லாம் ஒரே அளவு இறங்கியதால் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. வெளியாள் ஒருவர் கூட வாசித்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். என் காதும் அந்தப் பெட்டியிலேயே பழகிய காதுதானே.

கம்ப்யூட்டரில் சுருதியைத் தூக்கிவிடலாம் என்றார் நாடகக் குழுக்காரர். தூக்கினாள், குழல் சேர்ந்தது. ஆனால் வேறு யாரோ வாசித்தது போலிருக்கிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் மதியம் மெத்தையைத் தூக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு பாட்டும் திரையில் வரிசையாக நின்றன.

“மொதல்லேருந்தே தப்பு அண்ணி. எல்லாத்தையும் அழிச்சிடறேன்.”

என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. “சட்டை சேரலன்னா ஆளையா வெட்டுவோம்? குழல்காரரைப் புதுசா ஒரு குழல் வெட்டச் சொல்லு.”

அவள் மவுஸை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

நல்ல மூங்கில் கிடைக்கவே மாதமாகும் என்றார் குழல்காரர். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் வேண்டுமானால் முயன்று பார்க்கலாமாம். எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து அறுத்தார், துளை போட்டார். நாலு குழாய் வீணானது. ஐந்தாவது, பதிவோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் மனிதர் முகத்தில் தெளிவில்லை.

“இருபத்தஞ்சு வருஷமா ஊதறேன். பாத்ரூம் பைப்ப வாயில வச்சுக்கிட்டு மேடையேறினா எவன் மதிப்பான்?”

அவர் சொன்னதும் நியாயம்தான். அவர் போனபிறகு பழுப்புத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்தேன். விரல் துளைகள் எட்டு, ஊதும் துளை ஒன்று. ஒன்பதுக்கும் காஜா எடுத்தேன். மறுநாள் ஊதிப் பார்த்தார். நூல் விளிம்பு விரலைத் தடுத்ததால் காற்று புஸ்ஸென்று வெளியே போனது. விரல் நேராகக் குழாயில் படும்படி காஜாவை அகலமாக்கித் திரும்பத் தைத்தேன். இந்த முறை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழலுக்குக் காஜா எடுத்த டெய்லரை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார்.

நாடகத்தன்று நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வயலின் அரங்கம் முழுக்கப் பரவியது. அதற்குள் குழல் வந்து சேர்ந்தது. எங்கேயும் இடிக்கவில்லை. அவள் பிடி மெல்லத் தளர்ந்தது. பக்கத்தில் என் கணவர், எவ்வளவு பெரிய கோஷ்டி என்று யாரோ வியந்ததைக் கேட்டுக் கமுக்கமாகச் சிரித்தார்.

முடிந்ததும் குழல்காரர் உறையோடு குழலைப் பிடித்தபடி நேராக அவளிடம் வந்தார்.

“இது இனிமே வேற எந்தக் கச்சேரிக்கும் ஆகாதும்மா. உங்க மத்த பாட்டையும் குடுங்க, ஊதிப் பாக்கறேன்.”

எத்தனை வேண்டும் என்று கேட்டாள். இருப்பது எல்லாம் என்றார்.

மறுநாள் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் நாற்பத்தொன்றையும் அவருக்கு அனுப்பினாள்.