நிஷ் நகரத்தில் நான் சொன்ன ‘போயிட்டு வரேன்’

என் மகள் காவ்யா செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. திருச்சி ஏர்போர்ட்டில் “போயிட்டு வரேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனவள் வந்தபாடில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த மே மாதம் நானே விசா எடுத்துக் கிளம்பினேன். அவள் ஆபீஸ் போனபின் ஜன்னலை வேடிக்கை பார்க்கவா ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தேன்? மே 4 காலை எட்டு மணி பஸ்ஸில் நிஷ் நகரத்துக்குத் தனியாகப் புறப்பட்டேன்.

தூரம் 240 கிலோமீட்டர். சரியாக மூன்று மணி நேரம். டிக்கெட் 1,500 தினார், நம் காசில் சுமார் 1,200 ரூபாய். இறங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டை, பஸ் ஸ்டாண்டு, காய்கறிச் சந்தை எல்லாம் ஒட்டினாற்போல் இருக்கின்றன. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மலைக்கோட்டையைப் பார்க்கிற மாதிரிதான். ஆறு மட்டும் காவேரியில் கால்வாசி கூட இல்லை. இதை அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லவில்லை.

கோட்டை துருக்கியர் கட்டியது. நம் ஊர்க் கோட்டையில் மெயின்கார்டு கேட் வாசல் மட்டும் மிஞ்சியதுபோல் இல்லாமல், இங்கே மதில் அப்படியே நிற்கிறது. உள்ளே பூங்கா. ஒரு சின்னக் கப் காபியை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு ஜனங்கள் பேசுகிறார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம். பேக்கரிகளில் சீஸ் வைத்த ‘புரெக்’ என்ற அடுக்கு ரொட்டியும் கெட்டி மோரும் 250 தினாருக்குக் கிடைக்கும். சீஸ் என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கறி வைத்தது வந்துவிடும்.

தங்கியது, காவ்யா போனில் பேசிப் பிடித்துக் கொடுத்த, மிர்யானா என்பவர் வீட்டு மாடி அறையில். ஒரு நாளைக்கு 3,000 தினார். அறுபது வயதிருக்கும், ஃபாக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது. போனில் நான் தமிழில் பேசினால் அது செர்பிய மொழியில் சொல்லும், அவர் பேசினால் தமிழில் சொல்லும். இப்படியே இரண்டு நாள் ஓடியது.

6ஆம் தேதி காலை பத்து மணிக்கு, பெல்கிரேட் திரும்புவதற்காகக் கிளம்பும்போது, வழக்கம்போல் போனில் “போயிட்டு வரேங்க” என்றேன். அவர் முகம் மலர்ந்து தலையாட்டினார். நான் கொண்டுவந்ததே, தினமும் தோளில் தூக்கித் திரிந்த அந்த ஒரு பைதான்.

அன்று மண்டையோட்டுக் கோபுரம் பார்த்தேன். 1809இல் தோற்றுப்போன செர்பிய வீரர்களின் தலைகளை வைத்து, ஊரைப் பயமுறுத்தத் துருக்கியர் கட்டியது. தொள்ளாயிரத்துக்கு மேல் இருந்தவற்றில் இப்போது ஐம்பத்தெட்டு மிச்சம். வெளியே வந்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றரைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது காவ்யா கூப்பிட்டாள். நாலு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் கையில் இருந்தது.

“அந்தம்மாகிட்ட என்னம்மா சொல்லிட்டு வந்தே? காலைலேந்து உனக்காகச் சமைச்சு வெச்சிட்டு உக்காந்திருக்காங்க. இன்னிக்கு அவங்க அக்கா வீட்ல குடும்பப் புனிதர் நாளாம், நம்ம குலதெய்வப் படையல் மாதிரி. நீ வருவேன்னு அதுக்குக்கூடப் போகல.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வருஷத்துக்கு ஒரு நாள் வரும் சாமி காரியத்தை ஒருவர் என் ஒரு வார்த்தைக்காக விட்டிருக்கிறார். டிக்கெட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி நடந்தேன். பத்து நிமிஷம்.

மேஜையில் இரண்டு தட்டு. அரிசி அடைத்த குடமிளகாய், எனக்காகக் கறி இல்லாமல். போனை எடுத்துச் சொன்னேன்: “மன்னிச்சுக்குங்க. எங்க ஊர்ல போறேன்னு சொல்லக் கூடாது. திரும்பி வராதவங்கதான் அப்படிப் போவாங்க. அதனால யார் கிளம்பினாலும் வரேன்னுதான் சொல்வோம்.”

மிர்யானா அதை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு பேசினார். போன் மேடைத் தமிழில் சொன்னது: “என் மகன் ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது, நான் போகிறேன் என்று கூறினான். எட்டு ஆண்டுகள் ஆகின்றன.”

“என் பொண்ணு வரேன்னுதான் சொன்னா. அவளும் வரல” என்றேன்.

போன் அதைச் சொல்லி முடித்ததும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. குடமிளகாய்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனோம். அங்கே இந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லையாம், வருகிறவர்கள் வரலாம். வாசலிலேயே, சர்க்கரை போட்டு இடித்த கோதுமையை ஒரு ஸ்பூன் தந்தார்கள். பிரசாதம்தான், சந்தேகமில்லை.

ஆறரை மணி பஸ்ஸுக்கு மிர்யானா கூடவே வந்தார். இம்முறை ‘போறேன்’ என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. அவரே தன் போனை எடுத்து எதையோ சொல்லி என் காதருகே பிடித்தார். “போய் வாருங்கள்” என்றது.

போக நினைப்பவர்களுக்கு: விசா விதிகளை முன்கூட்டியே பாருங்கள், இரண்டு நாள் போதும், சின்ன நோட்டாகக் கையில் தினார் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது போனில் “போறேன்” என்றே சொல்லுங்கள். நாக்கு புரளாவிட்டால் என்னைப்போல் அடுத்த மே மாதம் திரும்பிப் போக இப்போதே ஏற்பாடு செய்து வையுங்கள். காவ்யாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், சொன்னால் சொன்னபடி வருவது எப்படி என்று அவளும் பார்க்கட்டும்.