வலிக்காத ஊசி

மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடம் திறக்கப்போகும் நேரம். மும்பை தாராவியில் யூனிஃபார்ம் தைக்கும் பட்டறையில் நான் டெய்லர். பட்டறை மாடியில், ஏறி இறங்க செங்குத்தான இரும்பு ஏணி ஒன்றுதான். துணிக்கட்டோடு இறங்கும்போது கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அதிலிருந்து இடுப்பில் பிடித்த வலி வலது கால்வரை இழுத்தது. டாக்டரிடம் போனால் படுக்கச் சொல்வார். சீசனில் படுத்தால் யார் தைப்பது? தைலம் தேய்த்து, இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தேன். பத்து நாள் பார்த்துவிட்டு, பக்கத்து மிஷின்காரர்தான் சொன்னார்: "லே, பக்கத்துல மாட்டுங்கா ஏரியால ஒரு மேடம் அக்குபஞ்சர் ஊசி குத்துறாங்க. எங்க மச்சானுக்கு ரெண்டு வருசத்து இடுப்பு வலி, இப்ப நல்லா நடமாடுதான். போய்ப் பாருல."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடமாக ஊசியோடுதானே குடித்தனம்!

போன அன்று காலையில் கால் வலி திடீரென்று குறைந்திருந்தது. கொஞ்சம் மரத்தாற்போல இருந்தது, அவ்வளவுதான். மேடத்தின் பேச்சை எடுத்ததுமே வலி பயந்து ஓடிவிட்டது என்று மனைவியைச் சீண்டினேன். அவளையும் கூட்டிக்கொண்டு போகும் வழியில் வலது கால் செருப்பு மூன்று முறை கழன்றது. வார் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும், பாலக்காட்டுக்காரர். எப்படி வலி வந்தது என்று கேட்டார். விழுந்ததைச் சொன்னால் எக்ஸ்ரே, ஸ்கேன் என்று அலையவிடுவாரோ என்று, பாரம் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்றேன். குப்புறப் படுக்க வைத்தார். முதுகில் ஊசிகள் சுருக் சுருக்கென்று இறங்கின. அதற்குப் பிறகு குத்தியது ஒன்றுமே தெரியவில்லை.

"மேடம், உங்களுக்கு நல்ல கைராசி. குத்துறதே தெரியலையே!" என்றேன்.

அவர் கை நின்றுவிட்டது. "இப்போ எந்த எடத்துல குத்தியிருக்கேன், சொல்லுங்கோ."

தெரியவில்லை. ஊசி குத்தியிருந்தது என் வலது பாதத்தில். அந்தக் கால் பெருவிரலைத் தூக்கச் சொன்னார். தூக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். திரும்பி மனைவியைப் பார்த்தேன். அது அசையவில்லை என்று அவள் முகமே சொன்னது.

"எங்கயாவது விழுந்தேளா? கார்த்தாலேந்து யூரின் போச்சா?"

ஒரு பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? உடம்புச் சூடு என்று சொல்லி மனைவியின் வாயையே அடைத்துவிட்டு வந்தவன் நான். மனைவி அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். "ஏணில இருந்து விழுந்தாவ மேடம். சொல்லக்கூடாதுன்னுட்டாவ. காலைலேருந்து ஒண்ணுக்கும் போகல."

அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "என் ஊசி வலியைக் கொஞ்சம் கொறைக்கும். நசுங்கற நரம்பை விடுவிக்காது. இது ஆபரேஷன் பண்ற எடத்துக்குப் போகணும், இப்பவே" என்றார். வெளியே பெஞ்சில் காத்திருந்த ஆறேழு பேரையும் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டி, எங்களோடு டாக்ஸியில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இந்தியிலும் மராத்தியிலும் சண்டை போடாத குறையாகப் பேசி, ஸ்கேனுக்கு அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்தார்.

முதுகுத்தண்டு வட்டு பிதுங்கி, கீழே இறங்கும் நரம்புக் கொத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். தாமதித்திருந்தால் காலில் உணர்வு திரும்பியிருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் சர்ஜன். நான் எதை மேடத்தின் கைராசி என்று மெச்சினேனோ, அதிலேயே அவர் ஆபத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். தேடி வந்தவனிடம், அதுவும் அத்தனை பேர் காத்திருக்கும்போது, இது தன்னால் ஆகாது என்று சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

சில மாதங்கள் கழித்து, மிச்சமிருந்த இடுப்பு வலிக்காக, சர்ஜனிடம் கேட்டுக்கொண்டு மறுபடி மேடத்திடம் போனேன். போகப்போக வலி நன்றாகக் குறைந்தது. ஊசியாலா, ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியாலா என்று கேட்டால், "ரெண்டுமா இருக்கும், யார் கண்டா" என்று சிரிப்பார். ஆனால் மறுபடி போன அந்த முதல் நாள், வலது பாதத்தில் ஊசி இறங்கியதும் "அம்மா!" என்று கத்திவிட்டேன். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்றைக்கும் மிஷின் ஊசி விரலில் ஏறினால் பக்கத்து மிஷின்காரர் "பாத்துல!" என்று பதறுவார், நானோ, வலி தெரிகிறதே என்று மனதுக்குள் அந்த மேடத்தை ஒரு தடவை கும்பிட்டுக்கொள்வேன்.