மச்சாண்டார் பெஞ்சின் விளக்கு

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பஸ் கொஞ்சம் தாமதமானால் ஸ்டாப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். அரிசி வேகிறவரைக்கும் பொறுக்காமல் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். இப்படிப்பட்டவளை நாள் முழுக்க ஒரு பெஞ்சின் முன்னால் உட்காரவைத்து, ஒரு முள்ளையும் மூன்று விளக்குகளையும் கவனித்துக்கொள் என்றால் எப்படி இருக்கும்? தொண்ணூறுகளின் நடுவில், கணபதியில் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை.

மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிய இரும்பு வளையம் ஒன்று இருக்கும். ஸ்டேட்டர் என்போம். அது என்னிடம் வந்துசேரும்போது கம்பி முனைகளைச் சேர்த்துப் பற்றவைத்து, ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஸ்லீவ் என்கிற மெல்லிய உறையை ஏற்றியிருக்க வேண்டும். நான் மெக்கர் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி முள்ளைப் பார்ப்பேன். கம்பியில் ஓடவேண்டிய கரண்டு இரும்புக்குத் தாவுகிறதா என்பதை முள் காட்டிக்கொடுத்துவிடும். தாவினால் முள் படுத்துவிடும், அதுதான் பாடி ஷார்ட். அது அப்படியே வெளியே போய்விட்டால், ஈர வரப்பில் வெறுங்காலோடு நின்று மோட்டாரைத் தொடுகிற ஆள் அன்றைக்குப் பிழைப்பது அவர் புண்ணியம்.

எனக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்து பற்றவைத்து ஸ்லீவ் ஏற்றியவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். மச்சாண்டார். கம்பெனி ஒரு தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து அந்தப் பெஞ்சு அவருடையது. ஃபோர்மேனிடம் சொல்லி என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதையும் என்னிடம் அவர் சொல்லவில்லை. அவர் சம்சாரத்திடம், அதாவது என் ஓரகத்தியிடம் சொல்லி, ஓரகத்தி என் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் என்னிடம் சொன்னார். எல்லோரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

கல்யாணமாகி சூலூரில் அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நானும் அவரும் ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. தம்பி பெண்டாட்டி மூத்தவரிடம் பேசமாட்டாள், அவ்வளவுதான். ரசம் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "ரசம் இருக்குதா" என்பார். நான் பதில் பேசாமல் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைப்பேன். காலையில் ஒரே பஸ்ஸில்தான் போவோம். நான் முன்வாசல், அவர் பின்வாசல்.

கம்பெனியிலும் அதே கதைதான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் பெஞ்சு. ஒரு ஸ்டேட்டர் சரியில்லை என்றால், எங்கள் வரிசையில் தட்டுகளை எடுத்துவைக்கிற அக்காவைக் கூப்பிடுவேன். "அக்கா, இதுல ஸ்லீவு ஏறலைன்னு சொல்லிப்போடுங்க." அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் அந்த அக்கா திரும்பி அவரிடம், "ஏனுங்க, ஸ்லீவு ஏறலைங்களாமா" என்பார். அவர், "செரி, குடுக்கச் சொல்லுங்க" என்பார். அந்த அக்கா என்னிடம் திரும்பி, "குடுப்பியாமா கண்ணு" என்பார். எனக்கு உடம்பெல்லாம் பதறும். மூன்று பேர் சேர்ந்து ஒரு வாக்கியத்தை இப்படி உருட்டிக்கொண்டிருப்பதற்குள் நான் இரண்டு ஸ்டேட்டர் பார்த்திருப்பேன்.

இந்த லட்சணத்தில்தான் விளக்குகள் வந்தன. வெளிநாட்டில் ஏதோ தொழிற்சாலையைச் சுற்றிப்பார்த்துவிட்டு வந்த மேனேஜர், பெஞ்சுக்குப் பெஞ்சு ஒரு கம்பம் நட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பல்புகளை மாட்டச் சொன்னார். டவுன்ஹால் பக்கம் வாங்கிவந்த ஜீரோ வாட்ஸ் கலர் பல்புகள். முதல் நாள் எல்லாம் ஒன்றாக எரிந்தபோது, "ஏனுங்க, நோம்பி சாட்டிப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று யாரோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவான நோம்பிக்குத்தான் அதுவரை நாங்கள் அத்தனை கலர் பல்பைப் பார்த்திருந்தோம்.

மேனேஜர் விதிகளைத் தன் கையாலேயே பெரிய அட்டையில் எழுதி மாட்டினார். பச்சை, வேலை ஓடுகிறது. மஞ்சள், எனக்கு உதவி வேண்டும். அதை அந்தந்தப் பெஞ்சுக்காரரே போடவேண்டும், அடுத்த பெஞ்சுக்காரர் உடனே போய் நிற்கவேண்டும். சிவப்பு, முந்தின பெஞ்சிலிருந்து தப்பான சரக்கு வந்திருக்கிறது. அந்தப் பெஞ்சின் சிவப்பை அடுத்த பெஞ்சுக்காரர் போடவேண்டும், வரிசையே நிற்கும். வாரத்தில் மூன்று சிவப்பு விழுந்த பெஞ்சின் ஆள் பேக்கிங்குக்குப் போகவேண்டும். வரிசையின் கோடியில் ஒரு கரும்பலகையும் வந்தது. மணிக்கு மணி எத்தனை ஆகவேண்டும், எத்தனை ஆயிற்று, குறைந்தால் காரணம் என்ன என்று ஃபோர்மேன் சாக்பீஸால் எழுதவேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'கரண்டு இல்லை', 'கம்பி வரவில்லை' என்ற இரண்டைத் தவிர வேறெதையும் நான் வெகுநாள் பார்க்கவில்லை.

சிவப்பு என்றால் இன்னொருவரின் தப்பை ஊருக்குக் காட்டுவது. எங்கள் ஊர்க்காரர்கள் அதை எப்படிச் செய்வார்கள்? எழுந்து முந்தின பெஞ்சுக்கு நடந்துபோவார்கள். "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, செவப்புப் போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்பார்கள். "அதுக்கென்னங்க, போட்டுக்கோங்க. டீ வருதாட்ட இருக்குது, குடிச்சுப்போட்டுப் போடலாமுங்க" என்று பதில் வரும். டீ குடித்து முடிப்பதற்குள் சரக்கையே சரிசெய்துவிடுவார்கள். அப்புறம் எதற்குச் சிவப்பு? மஞ்சளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எனக்குத் தெரியவில்லை என்று தலைக்கு மேல் விளக்கேற்றிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? மாதக்கணக்கில் எரியாமல் மஞ்சள் பல்புகளில் தூசி படிந்திருந்தது. நாள் முழுக்கப் பச்சையாகவே எரிவதைப் பார்த்து மேனேஜர் பூரித்துப்போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் என் பெஞ்சுக்கு வருகிற பாடி ஷார்ட் அந்த மாதங்களில் கூடிக்கொண்டே போனது. தட்டு எடுக்கும் அக்கா நாளுக்கு ஒருமுறை போய்ச் சொன்னது போய், நாலைந்து தடவை போகவேண்டியிருந்தது. பழகின கைக்கு ஏன் இந்த அசட்டை என்று எனக்குக் கோபம். வீட்டிலும் அவர் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் வந்ததும் மகளைக் கூப்பிட்டுப் பேப்பரை வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பேப்பர் படிக்கக்கூட ஒரு ஆளா, பெரிய ஜமீன்தார் என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் துலக்குவேன்.

தட்டு எடுக்கும் அக்கா பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஊரில் நோம்பி என்று ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலையிலேயே எனக்கு வாய் போய்விட்ட மாதிரி ஆகிவிட்டது.

முதல் பாடி ஷார்ட் வந்தது. ஒதுக்கிவைத்தேன். இரண்டாவது வந்தது. அதையும் ஒதுக்கினேன். இடதுபக்கம் திரும்பி, "ஏனுங்க" என்று ஆரம்பித்தால் முடிந்தது. அது ஏன் தொண்டையைத் தாண்டி வரவில்லை என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. வாயைத் திறந்தால் வீட்டுக்கே அவமானம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை, ஆனாலும் வரவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர்ப் பானைவரை போய்வந்தேன். மூன்றாவது வந்து, முள் படுத்தபோது, என் கை தானாகப் போய் அவர் பெஞ்சின் சிவப்பைத் தட்டிவிட்டது.

வரிசை நின்றது.  எல்லோரும் முதலில் விளக்கைப் பார்த்தார்கள், அப்புறம் மச்சாண்டாரை, அப்புறம் என்னை. அவர் எழுந்து வந்தார். ஒதுக்கியிருந்த மூன்றையும் எடுத்துப்போய்ப் பிரித்துத் திரும்பப் போட்டார். கரும்பலகையில் அந்த மணிக்கு நேராகக் காரணம் எழுதும் கட்டத்தில் அவர் பெஞ்சின் எண் ஏறியது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஓரகத்தி என் தட்டில் குழம்பு ஊற்றும்போது கரண்டி டங்கென்று இடித்தது. என் வீட்டுக்காரர் அறைக்குள் வந்து, "ஊட்டுல வந்து சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

"யாருகிட்டச் சொல்றது? செவுத்துகிட்டயா?" என்றேன். அவர் பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எப்படியோ தப்பியது. புதன்கிழமை இரண்டாவது சிவப்பு. அதையும் நான்தான் போட்டேன். போடாமல் விட்டால் அந்த மோட்டார் யாருடைய கிணற்றுமேட்டுக்குப் போகும் என்று தெரியாது. போட்டால் இவர் எங்கே போவார் என்று தெரியும். பேக்கிங்கில் மரப்பெட்டிக்கு ஆணி அடித்து வைக்கோல் திணிக்க வேண்டும். கம்பெனியோடு வளர்ந்த மனுஷரைப் புழக்கடைக்கு அனுப்புவதுபோல்தான் அது. அனுப்புகிற கை என்னுடையது. 

வியாழக்கிழமை காலை அவர் ஸ்டேட்டரை ஒன்றொன்றாக முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். ஓரக்கண்ணால் பார்த்தேன். ஸ்டேட்டரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்தார். திரும்பத் தள்ளினார். ஜன்னல் பக்கம் திருப்பினார். பிறகு அதை என் பக்கம் தள்ளப் போனவர், நிறுத்திவிட்டார்.

அவர் பெஞ்சின் மேல் மஞ்சள் எரிந்தது.

தூசி படிந்த வெளிச்சம். முதலில் யாருக்கும் என்னவென்றே விளங்கவில்லை. ஃபோர்மேன் அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த பெஞ்சுக்காரர் போகவேண்டும். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவ்வளவு கிட்டத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. நெற்றி முழுக்க வியர்த்திருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. ஸ்டேட்டரைப் பார்த்துக்கொண்டே, "அம்மணி, இந்த ஸ்லீவு ஏறியிருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கிட்டத்துல ஒண்ணுமே தெரிய மாட்டீங்குது" என்றார்.

பேப்பர் ஞாபகம் வந்தது. நான் ஜமீன்தார் என்று முணுமுணுத்ததும் வந்தது.  பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"ஏறலீங்க" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். ஃபோர்மேன் விஷயத்தைச் சொல்லி, "பேக்கிங்ல ஒக்காரட்டுமுங்க சார். ஆணி அடிக்கப் பெரிய பார்வை வேண்டீதில்லைங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மச்சாண்டார் அதைக் கேட்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டார், கிளம்பத் தயாராகிற மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"ஏனுங்க சார், மூணு செவப்பு விழுந்தாத்தானுங்க பேக்கிங்கு? இது மஞ்சளுங்க. ஒதவி வேணும்ன்னா போடுங்கன்னு நீங்கதானுங்க எழுதி வெச்சிருக்கறீங்க. போட்டவரத் தூக்கிப் பேக்கிங்ல போட்டுப்போட்டா, நாளைக்கு இங்க யாருங்க மஞ்சப் போடுவாங்க? தெரியாட்டியும் தெரிஞ்சாப்பல தள்ளியுட்ருவாங்க."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். மச்சாண்டார் முன்னால், கூடம் முழுக்கக் கேட்க. சொல்லி முடித்த பிறகுதான் அது உறைத்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் தான் எழுதிய அட்டையை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணாடி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. திங்கக்கிழமை பார்த்துக்கலாம்" என்றார். அன்று மீதி நேரமும், பிறகு சனிக்கிழமைவரையும் அவர் பற்றவைத்ததையெல்லாம் நான் ஸ்லீவ் ஏற்றிப் பார்த்து, பிறகு என் பெஞ்சுக்கு வந்து மெக்கரைச் சுற்றினேன். கரும்பலகையில் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது.

வீட்டில் எதுவும் மாறவில்லை. ரசத்தைச் சுவரிடம்தான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்க் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி வாங்கிவந்தார். வெள்ளெழுத்துதானாம், வேறு ஒன்றுமில்லையாம் என்று ஓரகத்தி என் தட்டில் இரண்டு கரண்டி குழம்பு அதிகமாகவே ஊற்றிக்கொண்டு சொன்னார்.

திங்கட்கிழமை அவர் அதை மூக்குநுனியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், "வாத்தியார் வந்துட்டாருங்க" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு ஸ்டேட்டரையும் தேவைக்கு மேலே சுற்றிப் பார்த்தேன். முள் படுக்கவேயில்லை. அப்போதும் மனசு அடங்கவில்லை. மதியம் கழிந்தது. மணியடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவர் பெஞ்சில் மறுபடி மஞ்சள் எரிந்தது.  ஓடினேன்.

அவர் ஸ்டேட்டரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். "அம்மணி, ஏறியிருக்குதுங்களா?"

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு ஸ்லீவும் கழுத்துவரை ஏறி, வரிசையாக உட்கார்ந்திருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி வழியாக அவருக்கே அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

"ஏறியிருக்குதுங்க மாமா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மஞ்சளை அணைத்தார். அந்த மணிக்கு ஒரு ஸ்டேட்டர் குறைந்தது. ஃபோர்மேன் கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்று, "காரணம் என்னன்னுங்க எழுதறது?" என்று எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். மச்சாண்டார் அடுத்த ஸ்டேட்டரை எடுத்துவைத்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேரும் பேசிட்டிருந்தாங்கன்னு எழுதிக்கோங்க."