லியோட்டாவின் பட்டியலில் ராய்ஸ் வீடு

லியோட்டா பில்லியோ எங்கள் லோரெத் கழிக்கரை ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வயது ஐம்பத்தாறு. ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. கத்தினால் அக்கரையில் வலை உலர்த்துகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

முந்தின பெரும்புயலில் இங்கே பதினோரு பேர் செத்தார்கள். அதில் ஐந்து பேர் சொந்தப் பரணிலேயே மூழ்கியவர்கள். தண்ணீர் ஏற ஏற மேலே போயிருக்கிறார்கள். கூரையை உடைக்கக் கையில் ஒன்றுமில்லை. நகத்தால் பலகையைப் பிறாண்டிய தடம் இருந்தது. அந்தப் பலகைகளைப் பிரித்தவர்களில் லியோட்டாவும் ஒருத்தி. மறுவாரமே ஒரு நோட்டோடு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். யார் படுத்த படுக்கை, யாருக்கு ஆக்சிஜன், யாரிடம் வண்டி இல்லை, யார் பரணில் கோடாலி இருக்கிறது என்று எல்லாம் எழுதினாள்.

பட்டியல் இருந்தது, படகு இல்லை. படகெல்லாம் மாதா கோயில் வியட்நாம்காரர்களிடம். அதனால் அவளுடைய ஹூமா பூர்வகுடி மன்றம், அந்த மாதா கோயில், அடுப்படி பெரிதாக உள்ள எங்கள் பாப்டிஸ்ட் சபை மூன்றும் எங்கள் சபைக் கூடத்தில் கூடின. காபி ஊற்றியது நான்.

மாதா கோயில்காரர்களில் இறால் பிடிக்கும் லாம் எழுந்தான். இடது கைத் தோல் வெந்து சுருங்கியவன். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் யாரோ அவன் படகுக்குத் தீ வைத்தார்கள். யார் என்று ஊருக்கே தெரியும், லியோட்டாவின் தம்பி ராய்ஸ். ஆனால் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

"எழுதிக்க லியோட்டா. எங்ககிட்ட பதினாலு படகு. பட்டியல்ல இருக்குற எல்லா வீட்டுக்கும் போவோம்."

பின்வரிசையிலிருந்து ராய்ஸ் கத்தினான்: "உன் படகுல ஏறுறதுக்கு நான் தண்ணி குடிச்சே சாவேன்டா!"

"செத்துக்கோ. வீட்டு நம்பரை மட்டும் சொல்லிட்டுச் சாவு" என்றான் லாம்.

நாற்காலி பறந்தது. அது லாமுக்குப் படாமல் எங்கள் மூப்பர் நெற்றியைப் பிளந்தது. லியோட்டா தம்பியைக் காலரோடு பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படியில் தள்ளினாள். திரும்பி வந்து, மூச்சு வாங்க, நோட்டில் எழுதினாள்: 'ராய்ஸ் பில்லியோ. தனி ஆள். வண்டி உண்டு. கிளம்ப மாட்டான்.'

ஆகஸ்ட் கடைசியில் புயல் வந்தது. முந்தின இரண்டு நாளும் லியோட்டா பஸ்ஸில் ஆட்களை ஏற்றி மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்கிக்கொண்டே இருந்தாள். ராய்ஸ் வரவில்லை. நடுப்பகலில் காற்று அடித்தது. கூரைத் தகரங்கள் கத்தி மாதிரி பறந்தன. ஒன்று போய் ஒரு மாட்டின் கழுத்தில் இறங்கியது. மாடு நின்றபடியே ரத்தம் கக்கியது. இரண்டு மணிக்கு மண்கரை உடைந்து கடல் உள்ளே வந்தது. நாலு மணிக்குக் காற்று கொஞ்சம் தணிந்ததும் படகுகள் கிளம்பின. லாம் படகில் வழிகாட்ட லியோட்டா ஏறினாள்.

ராய்ஸ், மரத்தூண்கள் மேல் நிற்கும் தன் வீட்டின் கூரை விளிம்பில், வாத்து சுடும் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். நிறையக் குடித்திருந்தான்.

"அக்கா, நீ மட்டும் வா. அவன் வந்தா சுடுவேன்."

"தூணு ஆடுதுடா முட்டாள்! இறங்குடா!"

லாம் படகை நெருக்கினான். ராய்ஸ் சுட்டான். ரவைகள் லாமின் வலது காதையும் கன்னத்தையும் கிழித்தன. அவன் சுக்கானை விடவில்லை. படகு கூரையில் இடித்த அந்த நொடியில் லியோட்டா துடுப்போடு மேலே தாவினாள். முதல் அடி ராய்ஸின் மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் படகு வரைக்கும் கேட்டதாம். அடுத்தது தாடையில். மல்லாந்தவனைக் கயிற்றால் கட்டி, காலைப் பிடித்து இழுத்துப் படகில் உருட்டினாள். அவர்கள் விலகிச் சிறிது நேரத்தில் வீடு தூண்களை விட்டுக் கழன்று, ஒருக்களித்து, உடைந்தது.

லாம் சட்டையைக் கிழித்துக் காதில் அழுத்திக்கொண்டான்.

"அடுத்த வீடு யாரு?"

"லாம், உனக்கு ரத்தம்..."

"அடுத்த வீடு யாருன்னு கேட்டேன்."

இன்னும் இரண்டு வீடு போனார்கள், ஆறு பேரை எடுத்தார்கள். இடம் போதவில்லை. எண்பது வயது ஆல்தியாவின் ஆக்சிஜன் சிலிண்டரை ராய்ஸ் வயிற்றின் மேல்தான் வைத்தார்கள். "அசையாதே ராசா, அது என் உசுரு" என்று அவனை அதட்டிக்கொண்டே வந்தாளாம் கிழவி.

நாலாம் நாள் லாமின் காயத்தை விசாரிக்க ஷெரிஃபின் போலீஸ்காரன் வந்தான். பள்ளிக்கூட அடுப்படியில் நான் சிவப்பு பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தேன். லியோட்டாவின் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: "பறந்து வந்த தகரம் கிழிச்சிருச்சு." இந்தத் தடவையும் சாட்சி வரும் என்று லாம் எதிர்பார்க்கவில்லை என்றே அவன் முகம் சொன்னது.

லியோட்டா எழுந்து நின்றாள். "தகரம் இல்ல. என் தம்பி சுட்டான். நான் பாத்தேன்."

சித்தப்பா மகள் வெர்னா அவள் முகத்திலேயே துப்பினாள். "கூடப் பொறந்தவன்டி அவன்!"

"படகு எரிஞ்ச மறுநாள் மண்ணெண்ணெய் நாறுன அவன் சட்டையைத் துவைச்சது நான்தான், வெர்னா. இன்னொரு தடவை துவைக்க மாட்டேன்." எச்சிலைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

ராய்ஸுக்கு மூன்று வருடம் ஜெயில். லியோட்டாவின் பஸ் கண்ணாடியை இரண்டு முறை உடைத்தார்கள். அவள் வளர்த்த நாய் தலை நசுங்கி வாசலில் கிடந்தது. அவள் அதைப் புதைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். நனைந்த வீடுகளின் சுவரைப் பெயர்த்து, பூஞ்சை சுரண்டி, பலகை அடிக்கிற வேலை ஏழு மாதம் நடந்தது. யாருக்கு ஆள் இல்லையோ அவர்கள் வீடு முதலில். லியோட்டாவின் வீடு கடைசிக்கு முந்தினது. அவள் ஆட்கள் யாரும் வரவில்லை. எங்கள் சபைப் பெண்களும் மாதா கோயில்காரர்களும்தான் செய்தோம். லாம் அவளோடு சிநேகமாகவில்லை. மிஞ்சின ஒற்றைக் காதை அவள் பக்கம் திருப்பி, எந்தச் சுவர், எத்தனை பலகை என்று மட்டும் கேட்பான்.

போன செப்டம்பரில் இன்னொரு புயல். இருபத்தொரு படகு இறங்கியது. ஒருவர்கூடச் சாகவில்லை. வெர்னா லியோட்டாவின் பஸ்ஸில் ஏறினாள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ராய்ஸ் வெளியே வந்து, வடக்கே நாற்பது மைலில் ஒரு தகர வீட்டில் இருக்கிறான். மணிக்கட்டு மடங்காது. அக்காவோடு பேச்சில்லை. ஞாயிறுதோறும் லியோட்டா இறால் குழம்பும் சோறும் கொண்டுபோய் அவன் படியில் வைத்துவிட்டு வருகிறாள். அவன் சாப்பிடுகிறானா என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.