உப்புப் போட்ட சாட்சி

அந்தோணிசாமி அண்ணன் போய்விட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மைத்துனர் வந்து சொன்னபோது, அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது ஒரு கேள்விதான்: சான்றிதழில் என்ன எழுதினார்கள்? "மாரடைப்பு" என்றார். இரண்டு வருடமாகச் சிறுநீரகத்துக்கு மருந்து சாப்பிட்டவருக்கு மாரடைப்பாம். நான் நம்பவில்லை.

ஆவடித் தொழிற்சாலையில் அவரும் நானும் ஒரே பிரிவு. மேனாம்பேட்டில் அடுத்தடுத்த வீடு. எண்பதுகளின் நடுவில் பின்தெருவுக்கு முலாம் பூசும் கம்பெனி வந்த பிறகு எங்கள் கிணறுகள் மஞ்சளாயின. அந்தக் கழிவை நிறுத்தச் சொல்லி வழக்குப் போட்டவர் அவர் ஒருவர்தான். நாங்கள் பின்னால் நின்று தலையாட்டினோம்.

அதிகாரிகள் ஒருமுறை வந்து சோதனைக்குத் தண்ணீர் எடுத்தார்கள். 'குடிக்க உகந்தது' என்று அறிக்கை வந்தது. அண்ணன் சிரித்தார். "அடமழைல கெணறு ரொம்பி வழியறப்போ மோந்துகினு போனா இன்னா தெரியும் நைனா? சித்திரைல வரச் சொல்லு." சித்திரையில் யாரும் வரவில்லை.

எங்கள் மாதா கோயில் கிணற்று நீரைத்தான் ஈஸ்டருக்கு மந்திரித்துத் தீர்த்தமாகத் தருவார்கள். அண்ணன் வீட்டில் வருடவாரியாகப் புட்டிகள் இருந்தன. "வருசா வருசம் நெறம் ஏறிகினே வருது பாரு" என்று அவற்றை நீதிமன்றத்துக்கே தூக்கிப் போனார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றே ஒன்று கேட்டார்: மந்திரிக்கும்போது இதில் உப்புப் போடுவீர்களா? போடுவோம் என்றார் அண்ணன். பொய் சொல்ல வராது அவருக்கு. உப்புக் கலந்த நீர் சாட்சியாகாது என்று நீதிபதி புட்டிகளை ஏற்கவில்லை. "நம்ம பக்தியே நமக்கு எதிர் சாட்சியாப் பூட்ச்சி" என்றார் திரும்பும் வழியில். உப்பு விஷயத்தை அந்த வக்கீலுக்குச் சொன்னது யார்? எங்கள் கோயில் பங்கு மக்களில்தான் யாரோ. பூசைக்குப் போனால் இன்றும் முகம் முகமாகப் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவர் உடலைக் குளிப்பாட்டக் கிணற்றில் வாளி இறக்கினார்கள். அண்ணி தடுத்துவிட்டார்கள். "செத்த பொறவும் அத்தயே ஊத்துவீங்களா?" என்றார்கள். லாரித் தண்ணீர் பிடித்து வந்தோம்.

பிறகு கம்பெனி மேனேஜர் மலர்வளையத்தோடு வந்தார். என்னிடம் மெதுவாக, "கேஸ் போட்டவரே போயிட்டாரு. இனிமே யாரு சார் பாப்பாங்க?" என்றார். துக்கம் விசாரிக்க வந்தவர் கேட்கும் கேள்வியா அது? அண்ணியின் காதில் அது விழுந்துவிட்டது. என்னைக் காட்டி, "தோ நிக்கிறாரே, அவருதான்" என்றார்கள்.

மறுநாள் எங்கள் வக்கீல் அறையில், வழக்கை நான் தொடர்வதாகக் கையெழுத்துப் போட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. போய் வாருங்கள், அண்ணே. அடுத்த வாய்தாவுக்கு என் பெயரைக் கூப்பிடுவார்கள்; இந்தத் தடவை தலையாட்டினால் போதாது.